கொப்பியை விழுங்காத மென்பொருளை வாங்குங்கள்

மாத்தளை மாவட்டத்தில் தனியார் டிஸ்பென்சரி நடத்தும் குடும்ப வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு,

மாத்தளை திருகோணமலை வீதியிலும் தம்புள்ளை, கலேவெல, நாவுல, உக்குவளை, ரத்தொட்ட போன்ற இடங்களிலும் டிஸ்பென்சரி நடத்தும் உங்களில் பலர் நோயாளர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றி இப்போது பேசிக்கொள்கிறீர்கள். சிலர் மாறியும் விட்டீர்கள். கம்பனிக்காரர்கள் மடிக்கணினியோடு வந்து, வண்ணத் திரைகளைக் காட்டி, வரிசை இலக்கம் தொடக்கம் வருமானக் கணக்கு வரை எல்லாம் இதிலேயே முடியும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எதை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவின் பாரம் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் மீதுதான் இறங்கும். அவர்கள் சார்பில் எழுதுகிறேன்.

நான் வைத்தியரல்ல. இந்த மாவட்டத்து டிஸ்பென்சரியொன்றில் டொக்டர் எழுதிய துண்டை வாங்கி மருந்து கட்டிக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் வருடக்கணக்காக நின்றவன். ஒரு டொக்டர் எழுதியதை அடுத்த டொக்டர் எப்படி வாசிக்கிறார், வாசிக்க முடியாதபோது நோயாளியிடம் என்ன கேட்கிறார், அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதையெல்லாம் அங்கிருந்துதான் பார்த்தேன். "வெள்ளைக் குளிசை, பாதியா உடைச்சுக் குடிக்கிறது" என்பதே பல வேளைகளில் ஒரு மனிதரின் முழு மருத்துவ வரலாறாக இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மென்பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று விசாரிப்பதற்கு முன், அதற்குள் போன பதிவு எப்படி வெளியே வரும் என்று கேளுங்கள். நோயாளியின் கைக்கு எப்படி வரும்? மாத்தளை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகும்? ஐந்து வருடம் கழித்து நீங்கள் வேறு மென்பொருளுக்கு மாறினால் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு நேரான பதில் தராத கம்பனியை, திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், இலங்கையில் நோயாளர் பதிவு இன்றைக்கும் பெரும்பாலும் நோயாளியின் பையில்தான் இருக்கிறது. அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர் தன் கிளினிக் கொப்பியைத் தானே சுமந்துகொண்டு போகிறார். அந்தக் கொப்பியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பிதான். பிரவுண் தாள் உறை, அதன் மேல் பொலித்தீன். முதல் பக்கத்தில் கிளினிக்கின் ரப்பர் முத்திரை, கிளினிக் இலக்கம், சிவப்பு மையில் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர். உள்ளே வரிசையாகத் திகதிகள். ஒவ்வொன்றின் கீழும் பிரஷர், சீனி அளவு, நாலைந்து வரி மருந்து, ஒரு கையெழுத்து. இடையிடையே ஸ்டேப்ளர் அடித்த லெப் ரிப்போர்ட்டுகள், மடித்து ஒட்டிய ஈசிஜி தாள், வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட். கடைசிப் பக்கத்தில் மகளின் எழுத்தில் ஒரு தொலைபேசி இலக்கம்.

இந்தக் கொப்பி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகிறது, கண்டிக்கும் பேராதனைக்கும் போகிறது, எல்கடுவப் பக்கத்துத் தோட்ட வைத்தியசாலைக்குப் போகிறது, மாலையில் உங்களிடமும் வருகிறது. ஓர் அரச வைத்தியசாலையும் ஒரு தனியார் டிஸ்பென்சரியும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொள்ள இங்கே இருக்கும் வழி பெரும்பாலும் அது ஒன்றுதான். கணினி வைத்த டிஸ்பென்சரிகளில் நான் கண்ட முதல் மாற்றம், கொப்பியில் எழுதுவது நின்றுபோனது. எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறதே, இன்னொரு தடவை ஏன் எழுத வேண்டும் என்ற நியாயம். நோயாளி மருந்துக் கவரோடு மட்டும் வீட்டுக்குப் போகிறார். அடுத்த மாதம் கிளினிக்கில் கொப்பியைப் பிரிக்கும் டொக்டருக்கு, இடையில் ஒன்றுமே நடக்காதது போல ஒரு வெற்றிடம்தான் தெரிகிறது. கிளினிக் கொடுத்த லொசார்டனும் டிஸ்பென்சரி வேறொரு வணிகப் பெயரில் கொடுத்த அதே லொசார்டனும் ஒரே வயிற்றுக்குள் போய், தலைசுற்றி விழுந்து கொண்டுவரப்பட்ட வயதான பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே மென்பொருளிடம் நான் எதிர்பார்க்கும் முதல் வேலை மிகச் சிறியது. நோயாளி எழும்பிப் போவதற்குள், கொப்பியில் ஒட்டக்கூடிய அளவில் ஒரு துண்டு அச்சாகி வர வேண்டும். அதில் திகதி, என்ன வருத்தம் என்று நினைத்தீர்கள் என்பது, பிரஷர், சோதனை முடிவுகள், கொடுத்த மருந்துகளின் மூலப் பெயரும் அளவும், எத்தனை நாளைக்கு என்பது இவ்வளவும் இருந்தால் போதும். மூலப் பெயரால் எழுதும் வழக்கத்துக்காகப் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் எவ்வளவு போராடினார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போராட்டத்தின் பலன் கவர் மேல் ஒட்டும் லேபலில் தொலைந்துவிடக் கூடாது. சில மென்பொருள்கள் பில்லை அழகாக அச்சிடும். மருத்துவக் குறிப்பை அச்சிட வழியே வைத்திருக்காது. அப்படியானது கடைக்குச் செய்த மென்பொருள். அதை டிஸ்பென்சரிக்கு விற்கிறார்கள்.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியால் முடியாத வேலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் மாவட்டத்துக்கு உயிர்ப் பிரச்சினை.

வில்கமுவவில் வயல் செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழங்கால் நோவுக்காக உங்களிடம் வருகிறார். முதல் வருடம் எடுத்த ரிப்போர்ட்டில் சீரம் கிரியேட்டினின் 1.1. அடுத்த வருடம் வேறொரு லெப்பில் 1.3. மூன்றாவது வருடம் 1.6. முதலாவதைப் பார்த்தவர் நல்லது என்றார். இரண்டாவதைப் பார்த்தவர் எல்லைக் கோட்டில் என்றார். மூன்றாவதைப் பார்த்தவர் தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொன்னார். மூன்று பேரும் தங்கள் கையிலிருந்த ஒரு தாளை மட்டும் வைத்துத்தான் சொன்னார்கள். மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து, வயதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 80இல் இருந்தது 50க்குக் கிட்ட இறங்கியிருக்கும். சிறுநீரகத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதனால் ஆளுக்கு ஒரு நோவும் தெரியவில்லை. இதற்கிடையில் முழங்காலுக்கென்று டைக்லோபெனாக் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் பேசப்பட்டது. பிறகு அது உலர் வலயத்தின் மற்றப் பகுதிகளிலும் அடையாளம் காணப்பட்டது; நம் மாவட்டத்தில் வில்கமுவ அதற்குப் பேர்போன இடமாகிவிட்டது. ஆரம்பக் கட்டத்தில் அறிகுறியில்லாத இந்த வருத்தத்தைப் பிடிக்க ஒரு நல்ல வழி, பழைய எண்களைப் புதிய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கொப்பியைப் புரட்டிப் புரட்டி அதைச் செய்ய உங்களுக்கு நேரமில்லை. கணினிக்கு அது ஒரு நொடி வேலை. எனவே விற்க வருகிறவரிடம் இந்த மூன்று எண்களையும் கொடுத்து, மூன்று வெவ்வேறு திகதிகளில் பதியச் சொல்லுங்கள். பிறகு கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வயதையும் பாலையும் சேர்த்து வடிகட்டல் வீதத்தைத் தானாகக் கணக்கிடுகிறதா? அது 30க்குக் கீழே போனவருக்கு நீங்கள் மெட்போமின் எழுதினால் நிறுத்திக் கேட்கிறதா? லெப் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து உள்ளே போட்டுவைக்கும் வசதியைக் காட்டி, எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். படத்துக்குள் இருக்கும் எண் கோடாகாது. எண்ணை எண்ணாகவே பதிய வேண்டும்.

எச்சரிக்கைகள் என்றதும் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மணியடிக்கும் மென்பொருள் எதற்குமே மணியடிக்காத மென்பொருளுக்குச் சமம். பரசிட்டமோல் எழுதும்போதும் பெட்டி ஒன்று குதித்து வந்தால், இரண்டாவது கிழமையில் உங்கள் விரல் வாசிக்காமலே அதை மூடப் பழகிவிடும். பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், சிறுநீரகம், ஒரே மருந்து இரண்டு பெயரில் என்று நீங்களே தெரிவு செய்த சிலவற்றுக்கு மட்டும் அது குறுக்கே வரட்டும். அந்தத் தெரிவு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பிராக்டிஸ் ஃபியூஷன் என்ற நிறுவனம் வைத்தியர்களுக்கு நோயாளர் பதிவு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவந்தது, விளம்பரத்தால் பிழைத்தது. நோவு மருந்துக் கம்பனி ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு, அபின் வகை மருந்தை நோக்கி வைத்தியரைத் தள்ளும் விதமாக எச்சரிக்கைப் பெட்டிகளை அது வடிவமைத்தது வெளிவந்தது. 2020 ஜனவரியில் 145 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டது. வைத்தியரின் கண்ணுக்கு முன்னால் அது மருத்துவ ஆலோசனை போலவே தோன்றியது. இங்கே மருந்துக் கம்பனிப் பிரதிநிதி பேனாவும் நாட்காட்டியும் கொண்டுவருகிறார். நாளைக்கு இலவச மென்பொருளையும் கொண்டுவரலாம். மருந்துப் பட்டியலில் எந்த வணிகப் பெயர் முதலில் வருகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேளுங்கள். இலவசம் என்றால் பணம் வேறெங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்தது நேரம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அங்குள்ள குடும்ப வைத்தியர்கள் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேர வேலைநாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தைக் கணினிப் பதிவிலேயே செலவிடுகிறார்கள் என்று காட்டியது. அங்கே காப்புறுதிக் கம்பனிக்காகப் பதிய வேண்டியவை மலைபோல் இருக்கின்றன. இங்கே அந்தச் சுமை இல்லை. ஆனால் உங்களில் பலர் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் டிஸ்பென்சரியைத் திறக்கிறீர்கள். வெளியே கூட்டம். ஓர் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் பாதியைத் திரை தின்றால், நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. ரத்தொட்டயிலிருந்து பஸ் பிடித்து வந்த தாய், தான் சொல்லவந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லாமலே எழும்பிப் போய்விடுவாள்.

செயல்விளக்கத்தின்போது கம்பனிக்காரர் தானே விசைப்பலகையில் தட்டிக் காட்டுவார். அவர் விரல் பழகிய விரல். அவரை எழுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். பிறகு உங்கள் டிஸ்பென்சரை உட்கார வையுங்கள். காய்ச்சல், இருமலோடு வந்த ஒரு பிள்ளையைப் பதிந்து, மருந்து எழுதி, லேபலும் துண்டும் அச்சாகி வரும் வரை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று மணிக்கூட்டைப் பாருங்கள். நோய்ப் பெயரைத் தேடும்போது ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் ஐசிடி நோய்ப் பட்டியல் முழுவதும் வந்து விழுந்தால், தலையிடி என்று பதியவே ஒரு நிமிடம் போகும். குடும்ப வைத்தியத்துக்கென்றே ஐசிபிசி என்ற வகைப்படுத்தல் இருக்கிறது. நோயாளி என்ன முறைப்பாட்டோடு வந்தார் என்பதிலிருந்தே அது தொடங்கும். நோய் இன்னதென்று முடிவாகாத நிலையையும் அது ஏற்றுக்கொள்ளும். அதைக் கேட்டுப் பாருங்கள். பல கம்பனிகளுக்கு அந்தப் பெயரே தெரியாமலிருக்கும். அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

இனிப் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்; நம் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

தோட்டப் பகுதியிலிருந்து வரும் ஒரு முத்துலட்சுமிக்கு, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கிளினிக் கொப்பியில் வேறொன்று. சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஆளே மாறிவிடுகிறார். முன்னெழுத்து தகப்பன் பெயர். கலியாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டியை வைத்து இரண்டையும் கட்டாயம் நிரப்பு என்று கேட்கும் மென்பொருளில், வரவேற்பில் இருக்கும் பிள்ளை தன் மனதுக்குப் பட்டதைப் போடும். அடுத்த முறை வேறு பிள்ளை வேறு மாதிரிப் போடும். ஒரே ஆளுக்கு மூன்று கோப்பு. ஒத்துக்கொள்ளாத மருந்து ஒரு கோப்பில் இருக்கும், இன்றைக்குத் திறந்தது மற்றக் கோப்பாக இருக்கும்.

பெயரை நம்பாமல் தேடக்கூடிய வழி வேண்டும். அடையாள அட்டை இலக்கம் ஒரு வழி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக மாற்றும் முறை திட்டமானது: முன்னால் 19 சேரும், பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழையும், எழுத்து போய்விடும். பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஒரு நல்ல மென்பொருள் எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் ஒரே ஆளைக் கண்டுபிடிக்கும். பிறந்த திகதியையும் பாலையும் தானாகவே நிரப்பும். உங்கள் பழைய அட்டை இலக்கத்தை முதலில் பதியுங்கள், பிறகு புதிய வடிவில் தேடுங்கள். "பதிவு இல்லை" என்று வந்தால், இந்த நாட்டுக்காக யோசித்துச் செய்த மென்பொருள் அது இல்லை. அட்டை இல்லாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், அரச வைத்தியசாலைகளில் வழங்கும் தனிநபர் சுகாதார இலக்கத்தைப் பதிய ஓர் இடம் இருக்க வேண்டும். இன்றைக்கு அது வெறும் இலக்கம். அரச வைத்தியசாலையின் கணினியும் உங்களுடையதும் ஒருநாள் பேசிக்கொள்ளும்போது இருவரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரமாகும்.

பதிவு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. மருந்துக் கவரில் ஒட்டும் லேபல் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். சிங்களமோ தமிழோ, அவரவர் கோப்பில் ஒருமுறை குறித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் அதிலேயே வர வேண்டும். "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று நான் கையால் எழுதிக் கொடுத்த கவர்களைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் அதே கவரோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் வரும் என்று கம்பனி சொன்னால், எந்த எழுத்தில் என்று கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குவியல். தேடினால் கிடைக்காது, வேறு கணினிக்குக் கொண்டுபோனால் குப்பை. யுனிகோட் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள்.

எச் 544 படிவத்தையும் மறந்துவிடாதீர்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தவுடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டிய கடமை தனியார் டிஸ்பென்சரிக்கும் உண்டு. 2008இல் நாடு முழுவதும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானபோது, மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. பெயர், முகவரி, திகதி எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்க, அதையே படிவமாக அச்சிட்டுத் தர முடியாத மென்பொருள் எதற்கு?

இப்போது கரண்டும் இன்டர்நெட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் மலை சரிந்தது, பாதை போனது, கரண்ட் போனது, போனில் சிக்னலும் போனது. மருந்து தேவைப்பட்டவர்கள் அந்த நாட்களில்தான் அதிகம் வந்தார்கள். இன்டர்நெட் இருந்தால்தான் நோயாளியின் கோப்பு திறக்கும் என்ற மென்பொருள் கொழும்பு ஏழில் நன்றாக ஓடும். கம்மடுவவிலிருந்து இறங்கி வந்தவருக்கு அது உதவாது. டிஸ்பென்சரிக்குள்ளேயே ஒரு கணினியில் பதிவு இருந்து, லைன் வந்ததும் வெளியே ஒரு பிரதி தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடுதான் நமக்குப் பொருந்தும். செயல்விளக்கத்தின் நடுவில் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, "இப்போது இந்த நோயாளியைத் திறவுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த வெளிப் பிரதி விஷயத்தில் கம்பனியின் வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை விசாரணை போனது. 2023இல் அரச மின்னஞ்சல் முறைமையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவேயில்லை. ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள். அந்தக் காலப்பகுதிக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே நடந்தது. நம் ஊர் அலுவிகாரையில் இருந்த பௌத்த ஏடுகள் 1848 கலகத்தின்போது அழிந்தன. திரிபிடகம் அழியவில்லை, ஏனென்றால் பிரதிகள் வேறு இடங்களில் இருந்தன. பிரதி எடுக்கிறோம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து ஒரு வெறும் கணினியில் பதிவுகளைத் திருப்பி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். திருப்பி ஏற்றிப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

பதிவு எப்படி வெளியே வரும் என்று முதலில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டத்தில் ஒரு மருத்துவ நிலையம், பெயர் வேண்டாம், மாதக் கட்டணத்துக்கு ஒரு மென்பொருளை எடுத்தது. சில வருடங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு கட்டணம் கட்டுப்படியாகாமல் போனது. வேறொன்றுக்கு மாறப் பார்த்தபோது, பழைய பதிவுகள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பிடிஎஃப் ஆகத்தான் வரும் என்றார்கள்; அதற்கும் தனிக் கட்டணம். ஆயிரக்கணக்கான பிடிஎஃப். தேட முடியாது, கோடு வரைய முடியாது, புதிய மென்பொருளுக்குள் ஏற்ற முடியாது. நீரிழிவுக்காரர்களின் வருடக்கணக்கான சீனி அளவுகள் படங்களாகிவிட்டன. டொலரில் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு மென்பொருள் என்றால் இன்னும் ஒரு சங்கடம்: 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: எந்த நேரம் கேட்டாலும், மேலதிகப் பணமில்லாமல், எல்லாப் பதிவுகளும் அட்டவணையாகவோ எஃப்எச்ஐஆர் போன்ற பொதுத் தர வடிவிலோ எங்கள் கையில் தரப்படும். கையெழுத்து வைப்பதற்கு முன்பே மாதிரிக்கு ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவு என்கிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஆளுக்கு உரிமை உண்டு என்கிறது. பதிவுகளுக்குப் பொறுப்பாளி நீங்கள். கம்பனி உங்களுக்காக வேலை செய்வது மட்டுமே. வரவேற்பில் இருப்பவர் எதைப் பார்க்கலாம், டிஸ்பென்சர் எதைப் பார்க்கலாம், ஒரு கோப்பை யார் எப்போது திறந்தார் என்ற தடம் இருக்கிறதா என்பவையெல்லாம் ஒரு சிறிய ஊரில் வெறும் சட்டப் பிரச்சினை அல்ல. மனநலத்துக்கு மருந்து எடுக்கும் பெண்ணையும் அவள் மாமியாரையும் வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியும்.

எதை வாங்கச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை பத்து வருடத்துக்கு மேலாகக் கணினிப் பதிவோடு இயங்குவதற்குப் பெயர் பெற்றது. எச்எச்ஐஎம்எஸ் என்ற திறந்த மூல மென்பொருள் நம் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் பாவனைக்கு வந்தது. சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்து ஆஸ்பத்திரியின் தேவைகளிலிருந்து உருவான பாம்னி, கென்யாவில் வேரூன்றிய ஓப்பன்எம்ஆர்எஸ், இவையெல்லாம் ஏழை ஊர்களின் நிலைமையை அறிந்து செய்யப்பட்டவை. மூல நிரல் திறந்திருப்பதால் பதிவு எவருடைய பெட்டிக்குள்ளும் பூட்டப்படாது. ஆனால் தனியொரு டொக்டர், தனியொரு டிஸ்பென்சரி என்றால் வெறும் இலவச மென்பொருள் போதாது என்பதுதான் என் எண்ணம். சனிக்கிழமை மாலை பிரின்டர் நின்றால் யார் வருவது? லக்கலவுக்கு யார் ஏறுவது?

அதனால் தனித்தனியாக வாங்காதீர்கள். மாவட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஒப்பந்தத்தின் வரிகளை நீங்கள் சொல்ல, கம்பனி எழுதும். 2020 தொடக்கத்தில் கொரோனா கண்காணிப்புக்காக டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருள் மேடையில் உலகிலேயே முதலில் ஒரு முறைமையைக் கட்டி, மற்ற நாடுகளும் எடுத்துப் பயன்படுத்தும்படி செய்தவர்கள் நம் நாட்டு ஆட்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவத் தகவலியல் படித்த டொக்டர்கள் சுகாதார சேவையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் உட்காருங்கள். இரண்டு மூன்று கம்பனிகளை வரச் சொல்லுங்கள். நோயாளிகளின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, உண்மையான கிளினிக் கொப்பிகள் சிலவற்றை மேசையில் வையுங்கள். ஒன்று வில்கமுவவிலிருந்து, ஒன்று தோட்டத்திலிருந்து, ஒன்று தம்புள்ளைப் பக்கத்திலிருந்து. அவற்றைப் பதிந்து, கோட்டைக் காட்டி, தமிழிலும் சிங்களத்திலும் லேபல் அடித்து, கொப்பியில் ஒட்டும் துண்டையும் அச்சிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வெளியே எடுத்துத் தரட்டும். டிஸ்பென்சர்களையும் அழையுங்கள். கூப்பிட்டால் நானும் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் துண்டுகளை வாசித்து மருந்து கட்டிய டிஸ்பென்சர் ஒருவர்,
மாத்தளை